முதுகில் மூன்று பை

தம்பி,

உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கெலிஓயா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். ஒரு இறாத்தல் பாணும் கால் கிலோ பருப்பும் வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான். இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு போய், ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்தாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வாசலில் நின்று, ஐசி எடுத்தீர்களா என்று கேட்டேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விட்டார். தட்டிய விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. பைக்குள் அடையாள அட்டை இருந்தால் தட்டும்போது ஒரு சத்தம் வரும். எத்தனை வருடமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? வந்ததா, வரவில்லையா என்று யோசித்துக்கொண்டே உள்ளே வந்து, தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, உனக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன், சாமான் ஏற்றுகிறேன் என்று நீ இப்போதே அங்கே போய்த் தங்கிவிட்டாய். சுண்ணாம்பு அடிக்க இரண்டு வாரமா என்று நான் கேட்கவில்லை. நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நேற்று போனில், "அம்மா, என் பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வைங்க, பதிவுக்குக் கேக்குறாங்க, அப்புறம் நானே வச்சிக்கிறேன்" என்றாய். முதல் பாதி எனக்குப் புரிந்தது. அந்த 'நானே வச்சிக்கிறேன்' இருக்கிறதே, அதை நேற்றிலிருந்து திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் எல்லாவற்றையும் டின்னிலிருந்து எடுத்து ஒரு பெரிய உறையில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதமும் அதற்குள்தான் வரும். பேப்பர்களை எடுத்துக்கொண்டு கடிதத்தைப் படிக்காமல் போட்டுவிடாதே. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இதில் இருக்கிறது.

அந்த டின்னைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூடியில் மூன்று யானை படம் போட்ட பிஸ்கட் டின். அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய சேலைகளுக்குப் பின்னால். நம் மூன்று பேருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உன் தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடுதாசி எல்லாம் அதற்குள் பொலித்தீன் சுற்றி இருக்கும். வீட்டைவிட்டு யார் வெளியே போனாலும் அட்டையை நானே எடுத்து, வாசலில் வைத்து அவரவர் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் நானே மாட்டிவிடுவேன். திரும்பி வந்ததும் நானே வாங்கி உள்ளே வைப்பேன். உனக்கு இருபத்தாறு வயதாகி, கண்டியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலைக்குப் போகும் காலத்திலும் அப்படித்தான். நீ கூச்சப்பட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். கடையில் வாங்கும் சட்டைகளில் பைக்குப் பொத்தான் இருக்காது. நம் வீட்டில் எல்லாச் சட்டைப் பைக்கும் பொத்தான் உண்டு, நான் வைத்தது. இதை ஒரு பைத்தியம் என்றுதான் நீ நினைத்திருப்பாய்.

பள்ளிக்கூடத்தில் உன்னை ஓட்டப் போட்டிக்கு எடுத்தபோது வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்டார்கள். நான் போட்டோ கொப்பிதான் தருவேன் என்று நின்றேன். எதற்கு மூலப்பிரதி, வாங்கித் தொலைத்துவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்று அந்த மாஸ்டரிடம் வாக்குவாதம் செய்தேன். அவர் உன் பெயரை வெட்டிவிட்டு வேறொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். நீ சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாய். இரண்டு நாள் கழித்து உன் காலணியை அலுமாரிக்குக் கீழே தள்ளி வைத்திருந்ததைப் பார்த்தேன். தப்புச் செய்துவிட்டேன் என்று அன்றைக்கே தெரியும். ஆனாலும் மறுபடி கேட்டிருந்தால் மறுபடியும் போட்டோ கொப்பிதான் கொடுத்திருப்பேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சந்தேகம்தான். யாரோ வெளிநாடு போகிறவன் விற்றான் என்றாய். டயர் என் கட்டைவிரல் அகலம். சீட்டு அதைவிட மோசம். இதில் உட்காருகிறவனுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டேன், சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமை விடிய முன் எழும்பிப் போய்விட்டுப் பத்து மணிக்கு வருவாய், சட்டை முழுக்க உப்புப் பூத்திருக்கும். எங்கே போனாய் என்றால், "கலஹா பக்கம்", "ஹந்தானை ஏறினேன்" என்பாய். எதற்கு என்றால், "சும்மா." நன்றாக ஓடுகிற பஸ் இருக்கும்போது ஒருவன் சும்மா ஹந்தானை ஏறுவானா? அவித்த உருளைக்கிழங்கை உப்புப் போட்டுத் துணியில் சுற்றி எடுத்துப் போனாய். ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது உன் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே முடியெல்லாம் வழித்திருந்தாய். எனக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குத்தான் அப்படி வழிப்பார்கள். எங்களிடம் சொல்லாமல் எதையோ வெட்டி எடுத்துவிட்டான் என்று, நீ தூங்கும்போது போர்வையை விலக்கித் தையல் போட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தேன். உனக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

பிறகு அந்தச் சட்டை. நான் முப்பது வருடமாகத் தைக்கிறவள். ஒரு துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும், தைத்தவள் அவசரத்தில் இருந்தாளா, ஆறுதலாக இருந்தாளா என்று சொல்லிவிடுவேன். உன் சைக்கிள் சட்டையைத் தோய்க்க எடுத்தபோது தையல் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சில் ஒரு பைகூட இல்லை. பை மூன்றும் முதுகில்! யாராவது முதுகில் பை வைப்பார்களா? தன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பின்னால் வருகிறவன் கைக்கு எட்டுகிற மாதிரி? தைத்தவன் முட்டாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் போடுகிறவன் எதையோ மறைக்கிறவனாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்று பையிலும் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றில் வாழைப்பழத் தோல் இருந்தது. மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று வந்து சொன்னாய். கண்டியில் வாவிக்கரையில் புறப்பட்டு, பேராதனை, கெலிஓயா, கம்பளை, அங்கிருந்து மலையேறி புசல்லாவை, ரம்பொடை வரைக்கும் போய்த் திரும்பி வருவது. பஸ்ஸில் போனாலே அந்த வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு என்ன கொடுப்பார்கள் என்று கேட்டேன். முதல், இரண்டு என்றெல்லாம் இல்லை, முடிக்கிற எல்லாருக்கும் ஒரு பதக்கம் என்றாய். எல்லாருக்கும் பதக்கம் கொடுக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு என்ன லாபம்? அதோடு விட்டாயா, முதல் நாள் நம்பர் வாங்க வரும்போது அடையாள அட்டையின் மூலப்பிரதியைக் கொண்டுவர வேண்டுமாம். சைக்கிள் மிதிக்க எதற்கடா ஐசி என்றேன். "பேர் சரியான்னு பார்க்கத்தாம்மா" என்றாய். நானும் வருகிறேன் என்று சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து அந்த மண்டபம் வரைக்கும் நீ எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாய், கூட வராதவன் மாதிரி.

அங்கே மேசையில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டி அட்டையைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொள்ளலாம், கையில் தரமாட்டேன் என்றேன். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நீ மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் சிரிக்கவில்லை. நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, "சரி அம்மா, நீங்களே நம்பரை வாசியுங்கோ, நான் எழுதுறன்" என்றாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் ஒவ்வோர் எண்ணாக வாசித்தேன், அவள் ஒவ்வோர் எண்ணாக எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன், பெயர் என்ன என்று அவள் கேட்கவே இல்லை. நாங்கள் மேசைக்கு வரும் முன்பே உன் பெயரை எழுதி வைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது யார் அந்தப் பிள்ளை என்று கேட்டேன். "யாரு?" என்றாய். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆக, என் சந்தேகம் எல்லாமே வீண் என்று நீயும் உன் அப்பாவும் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னும் பன்னிரண்டு நாளில் அவள் என் மருமகள்.

மறுநாள் விடியற்காலை நீ புறப்படும்போது வழக்கம்போல அட்டையோடு வாசலுக்கு வந்தேன். உன் நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனால் அங்கே பை இல்லை. கை ஒரு கணம் அப்படியே நின்றது. திரும்புடா, முதுகில் வைக்கிறேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, முதுகில் வைத்தால் விழுந்துவிடும் என்று பயம். "நேரமாச்சும்மா" என்று நீ இறக்கத்தில் இறங்கிவிட்டாய். சரி, எப்படியும் கெலிஓயா சந்தியால்தானே வரவேண்டும், அங்கே நின்று கையில் கொடுத்துவிடலாம் என்று அட்டையை என் பர்சில் வைத்துக்கொண்டேன். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கே போய்ச் சந்தியில் நின்றேன். அடேயப்பா, என்ன கூட்டம்! ஒவ்வொருவராக, பிறகு பத்துப் பேராக, சர்ரென்று போகிறார்கள். நீ வந்தாய். நான் அட்டையை நீட்டிக்கொண்டு ரோட்டோரம் ஓடினேன். நான் கையாட்டுகிறேன் என்று நினைத்து நீயும் பல்லைக் காட்டிக் கையாட்டிவிட்டுப் போய்விட்டாய்.

அப்போது சந்தியில் நின்ற பொலிஸ்காரர் கையை உயர்த்தினார். பஸ்ஸை நிறுத்தி, சைக்கிள்காரர்களுக்கு வழி விடத்தான் உயர்த்தினார். எனக்கும் அது தெரிந்தது. ஆனால் அந்தக் கை அப்படி உயர்ந்ததைப் பார்த்ததும் ஓடியவள் நின்றுவிட்டேன். கையைப் பார்க்கிறேன், உன் முகம் அந்த அட்டையிலிருந்து என்னைப் பார்க்கிறது. என் மகன் சைக்கிளில், ரோட்டில், ஐசி இல்லாமல் போகிறான். அதைச் செய்தது நான். இரண்டாம் முறையாக.

முதல் முறை என்ன நடந்தது என்பதைத்தான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ எட்டு மாதக் குழந்தை. சண்டைக் காலம். உன் அப்பா கண்டியில் ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை பார்த்தார். தினமும் சைக்கிளில்தான் போய்வருவார். அப்பா ஏன் சைக்கிள் ஓட்டுவதில்லை என்று சின்ன வயதில் நீ கேட்பாய், முழங்கால் வலி என்று நான் சொல்வேன். பொய். அவர் நன்றாக ஓட்டுவார். ஒருநாள் காலையில் அவருடைய சட்டையைத் தோய்க்க எடுத்தேன். பையில் இருந்த அட்டையை எடுத்து இந்த மெஷின் மேல் வைத்தேன், இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேனே, இதே மெஷின். நீ அழுதாய், பால் கரைக்கப் போனேன், சொல்ல மறந்துவிட்டேன். அவர் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். தமிழ் ஆள், கையில் ஐசி இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒன்பது நாள் உள்ளே வைத்திருந்தார்கள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, தினமும் போய் நிற்பேன். இதோ இருக்கிறது, வீட்டில்தான் இருந்தது, பாருங்கள் என்பேன். நாளைக்கு வா என்பார்கள். பத்தாம் நாள் விட்டார்கள். நடந்து வந்தார். சைக்கிள் திரும்பி வரவில்லை, அவரும் கேட்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவும் இல்லை. அட்டையை எடுத்து வைத்தது நான்தான் என்று நானும் சொல்லவில்லை. அந்த வாரமே கடையில் பிஸ்கட் டின் வாங்கினேன்.

கெலிஓயா சந்தியில் நான் நின்ற கோலத்தைப் பார்த்து உன் அப்பா என்ன என்றார். அட்டையைக் காட்டினேன். அவர் உடனே ஒரு த்ரீவீலரை மறித்தார். கம்பளை நகரத்தில் ரோட்டை மறித்து வைத்திருந்தார்கள், ஆற்றுப் பக்கமாக வண்டி நின்றுவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அன்னிக்கு உங்க ஐசிய சட்டையிலருந்து எடுத்தது நான்தாங்க. தோய்க்க எடுத்தேன். மெஷின் மேல வச்சிட்டுச் சொல்ல மறந்துட்டேன்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மெஷின் மேல இருந்தத நான் பார்த்தேன். நூல்கட்டைக்குப் பக்கத்துல. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. அந்தக் கார்டுக்கு நான் ஆறு வருஷம் அலைஞ்சேன், தெரியுமில்ல. நனைஞ்சிரும்னு விட்டுட்டுப் போனேன்."

தம்பி, எனக்கு வந்த கோபத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்! இத்தனை வருடம், ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பொத்தானைப் போடும்போதெல்லாம் நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். இந்த மனிதர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். த்ரீவீலர்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "வெக்கமா இருந்துச்சு" என்றார் உன் அப்பா. "கார்டு நனையக் கூடாதுன்னு நெனச்சு ஆள் போய் மாட்டிக்கிட்டேன்னு எப்படிச் சொல்றது? நீ வேற அந்த டின்ன வாங்கிட்டு வந்து வச்ச. நான் விட்டுட்டுப் போனது ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். என்னைய நம்பாமத்தான் தெனமும் நீயே பையில வைக்கிறன்னு இருந்தேன்."

பார்த்தாயா? நான் என்னைத் தண்டித்துக்கொள்வதற்கு வாங்கிய டின்னை, அவர் தன்மேல் நான் வைத்த சந்தேகம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு. வண்டியைவிட்டு இறங்கி நடந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. பிறகு அழுதேன். அழுதுகொண்டே, என்ன பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், பாதை திறந்துவிட்டது, ஓட்டுங்கள் என்று த்ரீவீலர்காரரை ஏசினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சைக்கிள்காரர்கள் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். சந்தியில் சர்ரென்று போன வீரர்கள் எல்லாம் நாக்கைத் தள்ளிக்கொண்டு, சிலர் இறங்கித் தள்ளிக்கொண்டு. ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே போனோம். தேயிலை தொடங்கி, புசல்லாவைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது, தண்ணீர் கொடுக்கிற ஒரு வளைவில் உன்னைக் கண்டேன். மண்மேட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதாம். எங்களைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு! அம்மா இங்கேயும் வந்துவிட்டாளே என்று அத்தனை பேருக்கு முன்னால் நீ வெட்கப்பட்டாய். நான் எதையும் பார்க்கவில்லை. "இந்தா, ஐசி" என்று நீட்டினேன்.

நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே முதுகுக்குப் பின்னால் கையைவிட்டு, நடுப்பையிலிருந்து பொலித்தீன் சுற்றிய ஒன்றை எடுத்தாய். சாரதி அனுமதிப்பத்திரம். உன் பெயர், உன் போட்டோ. நான்கு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. பாங்கில் புத்தகம் திறக்க வேண்டும் என்று ஐசியை வாங்கிக்கொண்டு போனாயே, அந்தப் புத்தகம் எங்கே என்று நான் கேட்டதற்கெல்லாம் மழுப்பினாயே, அதற்குத்தான் அது! மறைக்கிறாய் என்று நான் சந்தேகப்பட்டது சரி, முதுகுப் பையைச் சந்தேகப்பட்டதும் சரி. ஆனால் அங்கே நின்றபோது, என் சந்தேகம் பலித்தது என்று எனக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அதையும் டின்னுக்குள்ள போட்டுருவீங்க" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, "என்ன, வர்ற வழியில சண்டையா?" என்று கேட்டாய். இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இந்தக் கடிதம் வரைக்கும் உனக்கு அந்தப் பதில்தான். நீ காலை உதறி எழும்பியபோது உன் அப்பா உன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிரேக்கை ஒருதரம் அழுத்திப் பார்த்தார். மணி இல்லையா என்று கேட்டார். பிறகு, உன்னை ஏறச் சொல்லாமல், அவரே அதைத் தள்ளிக்கொண்டு அந்த வளைவு முடியும்வரை நடந்தார். நீ நொண்டிக்கொண்டே பின்னால் போனாய். நான் மண்மேட்டில் நின்று, தண்ணீர் கொடுக்கிற பிள்ளைகள் நீட்டிய வாழைப்பழத்தை என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

நீ ரம்பொடைக்குப் போய்த் திரும்பிக் கண்டிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உனக்குப் பின்னால் நாலைந்து பேர்தான் வந்தார்கள். பதக்கத்தை உன் கழுத்தில் போட்டது அந்த மேசைப் பிள்ளைதான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "நீங்கள் அண்டைக்கு ஐசியைத் தராமல் நிண்டபோது எனக்குச் சிரிப்பு வரேல்லை அம்மா. எங்கட அம்மா டின் இல்லை, சூட்கேஸ் வச்சிருக்கிறா. ஓட வேண்டி வந்தால் எண்டு பேப்பர் எல்லாம் போட்டு இண்டைக்கும் கட்டிலுக்குக் கீழ ரெடியா இருக்கு" என்றாள். அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு இருந்த மற்றச் சந்தேகங்களை அன்றைக்கு விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு மிச்சம் இருக்கிறது, அது கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுதியானவள் இல்லை. ஆனாலும் அம்மா ஆயிற்றே, சொல்லாமல் இருக்க முடியாது. சந்தேகம் வரும், தம்பி. நம் வீட்டில் பிறந்த உனக்கும் வரும், சூட்கேஸ் வீட்டில் பிறந்த அவளுக்கும் வரும். வந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். போர்வையை விலக்கிப் பார்க்காதே, சட்டைப் பையில் கைவிடாதே, நான் செய்ததெல்லாம் செய்யாதே. பேப்பர்களை மேசை லாச்சியில் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி வை, பூட்டாதே. அனுமதிப்பத்திரத்தை அவளிடம் காட்டிவிட்டாயா? காட்டியிருப்பாய். எனக்கு முன்னால் அவள்தான் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

நீ புதுச் சைக்கிள் வாங்கிப் பழையதை ஒதுக்கி வைத்த பிறகு, உன் அப்பா அதற்கு அகலமான சீட்டும் மணியும் கூடையும் போட்டார். ஒரு மாதமாக ஓட்டுகிறார். இத்தனை வருடம் ஓட்டாதவர் மாதிரியே இல்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் வாசலில் நிற்கிறேன். இப்போது பையில் நான் அட்டை வைப்பதில்லை, கேட்பதோடு சரி. அவரே டின்னைத் திறந்து எடுத்துக்கொள்கிறார், எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

எழுதத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. முக்கால் மணி நேரம் என்று உனக்கு மேலே எழுதினேன், இல்லையா? வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. மழை வந்தால் நனைந்துவிடும் என்று இன்றைக்கும் விட்டுவிட்டுப் போயிருப்பாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. அலுமாரி இங்கிருந்து நான்கு எட்டு. டின்னைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைத் திறக்காமல் இருப்பதற்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கீழே வளைவில் மணிச் சத்தம் கேட்கிறது. அவர்தான். சைக்கிளைச் சுவரில் சாத்தட்டும். பையைத் தொடமாட்டேன், டின்னையும் தொடமாட்டேன். வாயால் கேட்கப்போகிறேன். அவர் என்ன சொன்னாலும் அதை நம்பப்போகிறேன்.

உன் அம்மா